ஊராட்சி மன்றக் கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இருக்கை உண்டு – போய் உட்காருங்கள்!



நம்மவர்கள் வழக்கறிஞரைத் தேடி வருவது எப்போது தெரியுமா? கையில் நோட்டீஸ் வந்த பிறகு. கோயிலை 14 நாளில் அகற்று என்று ஒரு கடிதம். கடையை எடு என்று ஒரு கடிதம். லயத்து வீட்டைக் காலி செய் என்று ஒரு கடிதம். சில வேளைகளில் அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கைத்தொலைபேசி அடிக்கும். "ஐயா, புல்டோசர் வந்துடுச்சு!"

அதற்குப் பிறகு ஓட்டம்தான். தடையுத்தரவுக்கு ஓட்டம், சட்டமன்ற உறுப்பினரிடம் ஓட்டம், பத்திரிகை அலுவலகத்துக்கு ஓட்டம், போலீஸ் நிலையத்தில் புகார். மறுநாள் நாளிதழில் படம் வரும். மூன்றாம் நாள் யாராவது ஒரு தலைவர் வருத்தம் தெரிவிப்பார். நான்காம் நாள் எல்லாரும் மறந்துவிடுவோம். அடுத்த நோட்டீஸ் வரும்வரை!

நான் கேட்பது வேறு கேள்வி. அந்த நோட்டீஸ் வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. ஒரு தேதியில், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சிலர் கை தூக்கி எடுத்த முடிவு அது. அந்த மேசை எங்கே இருந்தது? அன்று நாம் எங்கே இருந்தோம்?

"அது பெரிய ஆளுங்க கூட்டமாச்சே!"

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரே மரத்தடியில் பல ஆண்டுகளாகத் தோசையும் வடையும் சுட்டு விற்றவர். அதில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சாலையை அகலப்படுத்தப் போகிறோம், அங்காடிக் கடைகள் எல்லாம் போக வேண்டும் என்று ஊராட்சி மன்றம் கடிதம் கொடுத்திருந்தது. ஒரு வாரம் அவகாசம்.

கோப்பைத் தேடிப் பார்த்தேன். நான்கு மாதங்களுக்கு முன்பே முழுமன்றக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். மாற்று இடம் பற்றியும் அதே கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். அதற்கு மனு கொடுக்கக் கடைசித் தேதி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியும் போய்விட்டது! அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

"அம்மா, அந்தக் கூட்டத்துக்கு நீங்க போயிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது பெரிய ஆளுங்க கூட்டமாச்சே ஐயா. நம்மள உள்ள விடுவாங்களா?"

விடுவார்கள் அம்மா. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் படித்த என்னைப் போன்றவர்கள் அவருக்குச் சொல்லாமல் இருந்ததுதான் குற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மலாயில் அக்தா கெராஜாஆன் தெம்பாத்தான் 1976. அதன் 23-ஆவது பிரிவை நீங்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊராட்சி மன்றத்தின் கூட்டங்கள் எல்லாம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவு.

யாருக்கு? பொதுமக்களுக்கு! நில உரிமையாளருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வாக்காளருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. அழைப்பிதழ் உள்ளவருக்கு என்றும் சொல்லவில்லை.

இது ஏன் பெரிய விஷயம்? மற்ற கதவுகளைப் பாருங்கள், புரியும்.

முதல் கதவு, கட்டுமானத் திட்டங்களுக்கு ஆட்சேபம் சொல்லும் உரிமை. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது மேம்பாட்டு அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கவனியுங்கள், நிலத்தின் உரிமையாளர்கள்! மூன்று தலைமுறையாக லயத்து வீட்டில் இருந்த குடும்பம் உரிமையாளர் ஆகுமா? தோட்ட நிர்வாகம்தான் உரிமையாளர். விற்றதே அவர்கள்தான். அறிவிப்பும் அவர்களுக்கே போகும்!

இரண்டாவது கதவு, கூட்டக் குறிப்பைப் பார்வையிடும் உரிமை. ஊராட்சி மன்றச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, வரி செலுத்துபவர் முழுமன்றக் கூட்டக் குறிப்பைப் பார்க்கலாம், கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். நல்லது. ஆனால் மதிப்பீட்டு வரி, நம் மக்கள் சுக்காய் பிந்து என்று சொல்வது, வீட்டு உரிமையாளர் பெயரில் வருவது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரிடம் அந்தப் பில் இருக்குமா?

மூன்றாவது கதவுதான் 23-ஆவது பிரிவு. இதற்குக் கிராண்ட் வேண்டாம், வரிப் பில் வேண்டாம். நீங்கள் பொதுமக்களில் ஒருவர் என்பதே போதும். ஏழைக்கும் சொத்துள்ளவனுக்கும் ஒரே உரிமை தரும் கதவு அது. அந்தக் கதவைத்தான் நாம் ஒருநாளும் தட்டியதில்லை!

போய்ப் பார்த்தேன்

சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனால் போதாது என்று நானே ஒரு மன்றத்தின் முழுமன்றக் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் காவலர், நம்மவர்தான். "சார், அழைப்புக் கடிதம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப முடியாது சார்" என்றார். 23-ஆவது பிரிவின் நகலைக் காட்டினேன். அவர் மேலே கூப்பிட்டார். மேலே இருந்தவர் இன்னும் மேலே கூப்பிட்டார். அரை மணி நேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள்.

உள்ளே பின்வரிசையில் பொதுமக்களுக்கென்றே நாற்காலிகள் போட்டிருந்தன. அத்தனையும் காலி! நான் ஒருவன்தான்.

தீர்மானம் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டது. "செத்துஜு" என்று குரல் வந்தது. அடுத்தது. மீண்டும் "செத்துஜு". நிலம், கடை உரிமம், குத்தகை, கால்வாய் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. கவுன்சிலர்கள் இரண்டு மூன்று முறை திரும்பி என்னைப் பார்த்தார்கள். யார் இவன், எதற்கு எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று. அந்தப் பார்வைதான் எனக்குப் பாடம் சொன்னது. பின்வரிசையில் ஓர் ஆள் இருந்ததற்கே இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள். இருபது பேர் இருந்தால்?

நான்கு மாதம் முன்னால் தெரிந்திருந்தால்…

"ஐயா, எல்லாம் முன்பே பேசி முடித்துவிட்டுத்தானே முழுமன்றத்துக்கு வருகிறார்கள்? போய் உட்கார்ந்து என்ன பயன்?" என்று கேட்பீர்கள்.

பயன் உண்டு. முடிவு நடைமுறைக்கு வருவதற்கும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வருவதற்கும் இடையில் வாரங்கள், சில வேளை மாதங்கள் உண்டு. அந்தக் காலம் உங்கள் வழக்கறிஞருக்குத் தங்கம். மனு கொடுக்கலாம், மாற்று இடம் கேட்கலாம், தேவைப்பட்டால் நீதிமன்றம் போகலாம். அரசாங்க அமைப்பின் முடிவை எதிர்த்து நீதிமன்ற மறுஆய்வு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். நோட்டீஸ் வந்த பின் ஓடி வந்தால், முடிவு பழையது, நீ தாமதம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். முன்பே தெரிந்தவன் வாதாடலாம். புல்டோசரைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டவன் கதறத்தான் முடியும்.

2007-ஐ நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 30-ஆம் தேதி, தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், ஷா ஆலாம் பாடாங் ஜாவா மகா மாரியம்மன் ஆலயம் இடித்துத் தள்ளப்பட்டது. இடித்தது மாநகர் மன்றம். அந்த வலிதான் நவம்பர் 25-ஆம் தேதி ஆயிரமாயிரம் பேரை கோலாலம்பூர் வீதிக்குக் கொண்டு வந்தது. கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் நம் மேல் பாய்ந்தன. 2008 மார்ச் 8-ஆம் தேதி சிலாங்கூரிலும் பினாங்கிலும் ஆட்சியே மாறியது.

ஆட்சி மாறியது. மன்றத்தின் கதவு மாறியதா? பழைய கவுன்சிலர்கள் போனார்கள். புதிய கட்சி புதிய கவுன்சிலர்களை நியமித்தது. பின்வரிசை நாற்காலி அப்போதும் காலி, இப்போதும் காலி!

நம் வாக்கைப் பறித்தது யார்?

இளைஞர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வரலாறு உண்டு. இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஊராட்சி மன்றத்துக்கும் தேர்தல் இருந்தது. 1951-இல் ஜார்ஜ்டவுனில் வாக்குப் பெட்டி வைத்தார்கள். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயராக வந்தவர் ஒரு தமிழர், தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். யாரும் பிச்சை போட்ட பதவி அல்ல அது. மக்கள் வாக்கில் வந்த மன்றம் கொடுத்த பதவி.

1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதன் தலைவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். ஊழல், சீர்கேடு எல்லாவற்றையும் ஆராய்ந்த அந்த ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. ஊராட்சி மன்றங்கள் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களாகவே இருக்க வேண்டும் என்று அது பரிந்துரை செய்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தல் விதிகள் எல்லாம் செல்லாது என்று முடித்துவிட்டது. 10-ஆவது பிரிவு, தலைவரையும் அவரைத் தவிர 8 முதல் 24 கவுன்சிலர்களையும் மாநில அரசே நியமிக்கும் என்றது. பினாங்கு அரசு தேர்தலைத் திரும்பக் கொண்டுவர ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். வாக்கைப் பறித்த அதே சட்டத்தில்தான் 23-ஆவது பிரிவும் இருக்கிறது. வாக்கை எடுத்துக்கொண்டவர்கள் பின்வரிசை நாற்காலியை மட்டும் விட்டு வைத்தார்கள். நமக்கு மிச்சம் இருப்பது அதுதான். அதையும் பயன்படுத்தாமல் விட்டால் குற்றம் யாருடையது?

சட்டத்திலேயே உள்ள ஓட்டைகள்

உண்மையை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். 23-ஆவது பிரிவில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, மன்றம் ஒரு தீர்மானம் போட்டுக் கூட்டத்தை மூடிக்கொள்ளலாம். என்ன காரணத்துக்காக மூடலாம் என்று அந்தப் பிரிவு பட்டியல் போடவில்லை.

இரண்டு, மன்றத்தின் குழுக்களுக்கு இந்த விதி கிடையாது. குழுவே விரும்பித் திறந்தால்தான் உண்டு. உரிமக் குழு, நிதிக் குழு, கட்டுமான அனுமதிகளைப் பார்க்கும் ஒரே மையக் குழு என்று உண்மையான பேச்செல்லாம் நடப்பது அங்கேதான்!

அதற்கு மேலே மாநில ஆட்சிக்குழு. நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அதுதான். 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்படி ஆட்சிக்குழு ஆவணங்கள் இரகசியம். ஊராட்சி மன்ற ஆவணங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கேட்டால் 'சூலிட்' என்று முத்திரை இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். கால்வாய் தோண்டும் குத்தகையில் என்ன நாட்டு இரகசியம் இருக்கிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1953-லேயே பிரௌன் சட்டம் வந்துவிட்டது. வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக, என்ன பேசப் போகிறோம் என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாத விஷயத்தில் பொதுவாக முடிவெடுக்க முடியாது. குழுக்களில் பலவும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. கதவை மூட வேண்டுமானால் சட்டம் அனுமதித்த காரணம் இருக்க வேண்டும். அங்கே வானம் இடிந்து விழவில்லை. இங்கே மட்டும் விழுந்துவிடுமா?

கவுன்சிலரே இல்லாத தலைநகரம்

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்த நாற்காலிகூட கிடையாது. 1961-இலிருந்து தலைநகருக்குக் கவுன்சிலர்களே இல்லை. டத்தோ பண்டார் ஒருவர், அவருக்கு ஓர் ஆலோசனை வாரியம், அவ்வளவுதான். ஒரே ஆள் மன்றமாக இருக்கும்போது எந்தக் கூட்டத்தில் போய் உட்காருவீர்கள்?

அதன் விளைவைப் பாருங்கள். மஸ்ஜிட் இந்தியா பகுதியில் நூறாண்டுக்கும் மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் ஒரு துணி நிறுவனத்துக்கு 2014-இல் விற்றது. நாடே அதைப் பற்றிப் பேசியது எப்போது? 2025-இல்! அதற்குள் அங்கே பள்ளிவாசல் கட்ட நாள் குறித்தாகிவிட்டது. கோயிலா பள்ளிவாசலா என்று இரண்டு சமயத்தாரை எதிரெதிரே நிறுத்தினார்கள். முடிவில் சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்று இடம் என்று உடன்பாடு. 2014-இல் விற்பனைக்கு முன் ஒரு திறந்த கூட்டம் நடந்திருந்தால், "இங்கே ஒரு கோயில் இருக்கிறதே" என்று ஒருவர் எழுந்து சொல்லியிருந்தால், இத்தனை மனக்கசப்பு வந்திருக்குமா?

புக்கிட் கியாராவைப் பாருங்கள். அங்கே இரப்பர் மரம் சீவிய நம் மக்களை நிலம் கைமாறிய பிறகு நீள்வீடுகளில் தங்க வைத்தார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். பல பத்தாண்டுகள் ஓடின. பிறகு தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் உயரமான ஆடம்பர அடுக்குமாடிகளுக்கு 2017-இல் அனுமதி கொடுத்தார்கள். அதோடு நீள்வீட்டு மக்களுக்கும் வீடு என்றார்கள். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. அனுமதி கொடுத்ததற்குக் காரணம் சொல்லும் கடமை உண்டு என்றது. நிலத்துக்குச் சொந்தமான அறவாரியத்திலும் டத்தோ பண்டார் பொறுப்பில் இருந்த முரண்பாட்டையும் சுட்டிக் காட்டியது.

தீர்ப்பு சரியான தீர்ப்பு. ஆனால் நம் தோட்ட மக்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பூங்காவைக் காக்க நினைத்தவர்களும் வீட்டுக்காகக் காத்திருந்தவர்களும் எதிரிகளாக ஆக்கப்பட்டார்கள். இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, எந்த நிலத்தில் யாருக்கு எத்தனை வீடு, மிச்சம் யாருக்கு இலாபம் என்று முதல் நாளே கேட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். அதனால்தான் அப்படி ஓர் அறையே தலைநகரில் இல்லை!

நம் பக்கத்துத் தவறு

அடுத்தவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் நாமும் அரசியல்வாதிதான். நம் தவறையும் பேசுவோம்.

நம் இயக்கங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டது என்ன? "எங்களுக்கு எத்தனை கவுன்சிலர் பதவி?" இதுதான். மூன்று கொடுத்தால் போதாது, ஐந்து வேண்டும் என்று சண்டை. பதவி கிடைத்தவருக்கு மாலை, பொன்னாடை, விருந்து. அந்தக் கவுன்சிலர் எந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்று யாராவது கேட்டோமா?

நியமிக்கப்பட்ட கவுன்சிலருக்கு எஜமான் யார்? அவரை நியமித்த கட்சி. அதிகபட்சம் மூன்று ஆண்டுத் தவணை, பிறகு மறுநியமனம் கட்சியின் கையில். நல்லவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்றால் நல்லவரும் "செத்துஜு" என்றுதான் சொல்வார். நம் ஆட்கள் இருபது பேர் பின்வரிசையில் இருந்தால், நம் இனத்தவர் அல்லாத கவுன்சிலர்கூட யோசித்துத்தான் கை தூக்குவார்.

"கதவைத் திறந்தால் கலவரம் வரும்" என்பவர்களுக்கு

அதிகாரிகள் சொல்லும் சாக்கு ஒன்று உண்டு. சமய விவகாரம், நில விவகாரம் எல்லாம் உணர்ச்சிகரமானவை. திறந்து பேசினால் இனப் பிரச்சினை வரும் என்பார்கள். 2009-இல் ஷா ஆலாம் 23-ஆவது பிரிவுக் குடியிருப்புக்குக் கோயிலை மாற்றும் திட்டத்தைக் காட்டுவார்கள். ஆகஸ்ட் 28-ஆம் தேதி மாட்டுத் தலையை இழுத்துக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த கலந்துரையாடலில் கூச்சலும் குழப்பமும். பார்த்தீர்களா, இதுதான் திறந்த கூட்டம் என்பார்கள்.

இல்லை ஐயா! இடத்தை முடிவு செய்துவிட்டு, எதிர்ப்பு வெடித்த பிறகு, கடைசியில் மக்களைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் திறந்த கூட்டம் அல்ல, தீயணைப்பு. மாதாமாதம் கதவு திறந்திருந்தால் மக்களுக்குப் பழகிவிடும். வதந்தி பரவும் முன்னே உண்மை வெளியே வரும். பொதுமக்கள் நாற்காலி கூச்சல் போட அல்ல. கேட்க, பார்க்க, எழுதிக்கொள்ள. அதற்கே பயப்படுகிறவர் எதை மறைக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சாக்கு நம் பக்கத்திலிருந்து வரும். "ஐயா, கூட்டம் வேலை நாளில் காலையில் வைக்கிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போகும். நாங்கள் எப்படி வருவது?" இது சாக்கு அல்ல, உண்மை. நாள் சம்பளக்காரனை ஒவ்வொரு மாதமும் வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு தாமானில், ஓர் அடுக்குமாடியில் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தால் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரு நாள்தான்! வேலை ஓய்வு பெற்றவர்கள், இரவு ஷிப்ட் செய்பவர்கள், எஸ்.பி.எம். முடித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டம் மலாயில் நடக்கும். நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே புரியும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. உங்கள் மன்றத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த முழுமன்றக் கூட்டத்தின் தேதி, நேரம், பேசவிருக்கும் விஷயங்களின் பட்டியலைக் கேளுங்கள். செக்‌ஷன் 23, அக்தா கெராஜாஆன் தெம்பாத்தான் 1976 என்று கடிதத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு. போகும்போது அடையாள அட்டையும் அந்தக் கடிதத்தின் நகலும் கையில் இருக்கட்டும். ஒழுங்கான உடை, சப்பாத்து. செருப்பு, அரைக்கால் சட்டை என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள்.

மூன்று. உள்ளே பேசாதீர்கள், கைத்தட்டாதீர்கள், அனுமதி இல்லாமல் படம் பிடிக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கோயில், சுடுகாடு, தமிழ்ப்பள்ளி நிலம், அங்காடிக் கடை, தீபாவளிச் சந்தை, மலிவு விலை வீடு என்ற சொல் வந்தால் உடனே குறியுங்கள். யார் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

நான்கு. உள்ளே விட மறுத்தால் சண்டை போடாதீர்கள். மறுத்தவர் பெயர், பதவி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தீர்மானத்தின்படி கூட்டம் மூடப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது நமக்கு ஆதாரம்.

ஐந்து. வரி செலுத்தும் ஒருவர் பெயரில் கூட்டக் குறிப்பின் நகல் வாங்குங்கள். சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டமும் பினாங்கில் 2010-ஆம் ஆண்டின் சட்டமும் இருக்கின்றன. இந்த இரு மாநிலத்தவரும் அவற்றின் கீழ் மனு போடுங்கள். மற்ற மாநிலத்தவர் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், எங்களுக்கு ஏன் அப்படி ஒரு சட்டம் இல்லை என்று!

நம் கோரிக்கை

நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. அறையையும் பெரிதாக்க வேண்டும். அதற்காக இந்தக் கோரிக்கைகளை எல்லாக் கட்சிகளின் முன்னும் வைப்போம்.

குழுக் கூட்டங்களும் திறக்கப்பட வேண்டும், முக்கியமாக நிலமும் உரிமமும் பேசும் குழுக்கள். ஏழு நாள் முன்னதாகக் கூட்டப் பட்டியலை அறிவிக்க வேண்டும். தமிழர் அதிகம் வாழும் இடங்களில் தமிழிலும் ஒட்ட வேண்டும். கூட்டத்தை மூடினால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலத்தில் வாழ்கிறவர்களுக்கும், வழிபடுகிறவர்களுக்கும், கடை போட்டவர்களுக்கும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இதுவரைபோல் கிராண்ட் வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுத்தால் போதாது. தலைநகருக்கு ஒரு மன்றம் வேண்டும். கடைசியாக, 1965-இல் பறித்த வாக்கைத் திருப்பித் தர வேண்டும். இவை எதுவும் தமிழருக்கு மட்டுமான சலுகை அல்ல. மலாய்க்கார அங்காடிக்காரருக்கும் சீன மீனவருக்கும் பூர்வகுடி மக்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

அந்தத் தோசைக் கடை அம்மாவுக்குக் கடைசியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மரத்தடி போய்விட்டது. மாற்று இடம் கிடைக்கவில்லை. இப்போது வீட்டில் சுட்டு அக்கம்பக்கத்தில் கொடுக்கிறார். வழக்கில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேதி போய்விட்டது.

ஆனால் சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, மன்றத்துக் கூட்டம் எந்தத் தேதின்னு கேட்டு வச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரிங்க ரெண்டு பேரும் வர்றாங்க. உள்ள விடலன்னா அந்த 23 நம்பரைத்தானே சொல்லணும்?"

ஆமாம் அம்மா, அதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் உங்கள் மன்றமும் கூடும். பின்வரிசை நாற்காலி உங்களுடையது. போய் உட்காருங்கள்!